கழுத்தில் நெறி கட்டினால்...

(மும்பையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் வழக்கமாக உபந்யாஸம் நடக்கும். இல்லாவிட்டால் பென்ஷன், வருமான வரி பற்றி யாராவது பேசுவார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கொஞ்சம் கசப்பானது. வாய், தொண்டை, குரல்வளை இவற்றில் கான்ஸர் வந்து சிகிச்சை முடித்தவர்கள் நம் அங்கத்தினர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் என்னைத் தனியாகப் பார்க்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், கழுத்துல ஏதோ உருண்டை மாதிரி தட்டுப்படறது. திரும்ப வந்துடுத்தோ?" என்னிடம் கேட்பதற்குக் காரணம், நானும் அந்த வழியாக வந்தவன் என்பதுதான்.

நான் டாக்டர் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசில் 36 வருஷம் பைல் பார்த்து ஓய்வு பெற்றவன். 2021-ல் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்து, அது கான்ஸர் என்று தெரிந்து, ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆயிற்று. அதற்குப் பிறகு என் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். யாருக்கும் இது வைத்தியம் ஆகாது.

நான் சொல்ல வந்ததைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்தவனுக்குக் கழுத்தைப் பற்றிய பயம் இருக்கத்தான் செய்யும். அதை விரட்ட முயல வேண்டாம். அதற்கு ஆபீஸ் பைல் மாதிரி ஒரு நடைமுறை வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்த தேதியைக் குறி, காலக்கெடு வை, உரிய இடத்தில் காட்டு, முடிவு வரும்வரை பைலை மூடாதே. இவ்வளவுதான்.

நமக்கெல்லாம் வருமா?

"நாம் சைவம், குடி கிடையாது, நமக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022-ஆம் வருஷக் கணக்குப்படி, இந்திய ஆண்களுக்கு வரும் கான்ஸர்களில் முதல் இடம் வாய், உதடு கான்ஸருக்கு. புகையிலையும் மதுவும் முக்கியக் காரணங்கள். ஆனால் புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், ஏன் வெறும் பாக்குமேகூட, கான்ஸரை உண்டாக்கக்கூடியவை என்று அதே நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் தாம்பூலம், அதில் ஒரு கிள்ளு பன்னீர்ப் புகையிலை என்பது நம் தாத்தாக்கள் காலத்துப் பழக்கம். பலருக்கு அது இன்னும் விடவில்லை. இதில் எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் வருவது உண்டு. ஆகவே யாரும் யாரையும் "என்ன பண்ணினான்" என்று கேட்க வேண்டாம்.

நெறி கட்டுதல்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் வலித்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். இதை நம் பாட்டிமார்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு நிணநீர் முடிச்சு என்று பெயர்.

ரத்தக் குழாயிலிருந்து கசிந்து திசுக்களுக்கு இடையே நிற்கும் நீர், மெல்லிய குழாய்கள் வழியாகத் திரும்ப ரத்தத்தில் சேர்கிறது. வழியில் அங்கங்கே இந்த முடிச்சுகள் செக்போஸ்ட் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கிருமி வந்தால் நிறுத்தி, வெள்ளை அணுக்களை வைத்துச் சண்டை போடுகின்றன. சண்டை நடக்கும்போது வீங்குகின்றன. உடம்பு முழுவதும் நூற்றுக்கணக்கில் உள்ள இவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை, கழுத்துப் பகுதியிலேயே இருக்கிறது. மூக்கு, வாய் வழியாகத்தானே எல்லாம் உள்ளே வருகிறது!

ஆகவே கழுத்தில் துவரம்பருப்பு அளவில் ஒன்றிரண்டு தட்டுப்படுவது ஆரோக்கியமான மனிதனுக்கும் சகஜம். பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டவை சாதாரணம் என்று கொள்கிறார்கள். தாடைக் கோணத்துக்குக் கீழே இருக்கும் முடிச்சு மட்டும் இயற்கையாகவே சற்றுப் பெரியது. அது ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம்.

கான்ஸரும் அதே செக்போஸ்டும்

வாய், தொண்டை கான்ஸர் முதலில் பரவும் இடமும் இந்த முடிச்சுகள்தான். ரிப்போர்ட்டில் "லெவல் 2", "லெவல் 3" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகவாய்க்கும் தாடைக்கும் கீழே இருப்பது லெவல் 1. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி மேலிருந்து கீழாக 2, 3, 4. கழுத்தின் பின்பக்க முக்கோணம் 5. நடுவில் தைராய்டைச் சுற்றி 6. நாக்கிலிருந்து பரவினால் பெரும்பாலும் 1 முதல் 3 வரை உள்ளவற்றில் முதலில் தங்கும். எந்த முடிச்சு வீங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே மூல இடம் எது என்று டாக்டர்கள் யூகிக்கிறார்கள்.

கழுத்தில் ஒன்றுமே தட்டுப்படாதபோதும் ஏன் கழுத்தைத் திறந்து முடிச்சுகளை எடுக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். இதற்குப் பதில் நம் ஊரிலிருந்தே கிடைத்தது. பரேலில் 1941-ல் திறக்கப்பட்ட டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 2004 முதல் நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. வாய் கான்ஸருக்கு ஆபரேஷன் செய்யும்போதே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தவர்களில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவிகிதம். வீங்கும்வரை காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவிகிதம். உலகம் முழுவதும் இப்போது இந்த ஆராய்ச்சியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். கழுத்தை டாக்டர்கள் ஏன் இவ்வளவு கவனமாகத் தடவிப் பார்க்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

சிகிச்சைக்குப் பிறகு தட்டுப்படுபவை

ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆன கழுத்து பழைய கழுத்து இல்லை. அதில் கைக்குத் தட்டுப்படும் பொருள்கள் பல. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, நீர்க்கோப்பு. குழாய்களும் முடிச்சுகளும் வெட்டப்பட்டோ கருகியோ போனதால் நீர் வடிய வழியில்லாமல் முகவாய்க்குக் கீழே பை மாதிரி தொங்கும். காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கும், நடமாட நடமாட மாலைக்குள் குறையும். தலையணையை உயர்த்திக்கொள்வதும், பயிற்சி பெற்ற பிஸியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மெதுவான நீவலும் உதவும்.

இரண்டாவது, தழும்பு இறுகல். ரேடியேஷன் பட்ட சதை மாதங்கள் போகப் போக மரக்கட்டை மாதிரி கெட்டியாகும். இது ஒரு உருண்டையாக இல்லாமல் பரவலாக இருக்கும்.

மூன்றாவது, உமிழ்நீர்ச் சுரப்பி. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. ஆபரேஷனில் ஒரு பக்கத்தில் உள்ளதை எடுத்திருந்தால், மறுபக்கத்தில் உள்ளது திடீரென்று கட்டி போலத் தெரியும். ரேடியேஷனால் அது கெட்டிப்படவும் செய்யும்.

நான்காவது, எலும்பும் ரத்தக்குழாயும். சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு கிலோ இளைத்தவருக்கு, காதுக்கும் தாடைக்கும் நடுவில் முதுகெலும்பின் முதல் கணுவின் முனை கைக்குத் தட்டும். நாக்கடி எலும்பின் நுனியும் தட்டும். துடிக்கிறது என்றால் அது ரத்தக்குழாய்.

ஐந்தாவது, கிருமியால் வரும் நெறி. பல், ஈறு, தொண்டை, தலையில் பொடுகுப் புண் எதுவாகவும் இருக்கலாம். ரேடியேஷனுக்குப் பின் உமிழ்நீர் குறைவதால் பல் சொத்தை அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை. ரேடியேஷன் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. பல் டாக்டரிடம் போனவுடன் முதல் வார்த்தையாக "எனக்கு ரேடியேஷன் ஆகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். கான்ஸர் டாக்டரைக் கேட்காமல் பல்லை எடுக்க வேண்டாம்.

தடுப்பூசியாலும் நெறி கட்டும். 2021-ல் கோவிட் ஊசி போட்டுக்கொண்ட பலருக்கு அக்குளிலும் காரை எலும்புக்கு மேலும் முடிச்சுகள் வீங்கி, ஸ்கேனில் குழப்பம் உண்டானது. அதனால் எந்தத் தடுப்பூசி, எந்தக் கையில், எந்தத் தேதியில் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும்.

ஆறாவது, காசநோய். நம் தேசத்தில் இதை மறக்கவே கூடாது. கழுத்தில் வரிசையாக உருண்டைகள் வருவதைக் கண்டமாலை என்று நம் வைத்திய நூல்கள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி காசநோய்தான்.

ஏழாவது, செத்துப்போன பழைய முடிச்சு. கீமோவும் ரேடியேஷனும் மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு, கான்ஸர் அழிந்த பிறகும் அந்த முடிச்சின் கூடு சில மாதம் கெட்டியாக நிற்கும். முன்பெல்லாம் அதையும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் 564 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து பெட் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கழுத்து ஆபரேஷன்களின் எண்ணிக்கை 221-க்குப் பதில் 54 ஆகக் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் செய்த பிரிவில் 81.5 சதவிகிதம், ஸ்கேன் பிரிவில் 84.9 சதவிகிதம்; அதாவது குறையவில்லை. 12 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் ரேடியேஷன் சூட்டின் வீக்கமே ஸ்கேனில் ஒளிரும். "ஏன் ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள்?" என்று பதறுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

எட்டாவதாக, நாம் பயப்படும் காரணம். நோய் திரும்பியிருக்கலாம். இந்தப் பட்டியலில் அது கடைசியில் வருவதால் அபூர்வம் என்று எண்ண வேண்டாம். திரும்புபவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்புகின்றன. அதனால்தான் முதல் வருஷம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், இரண்டாம் வருஷம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஐந்தாம் வருஷம் வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பின் வருஷத்துக்கு ஒரு முறையும் வரச் சொல்கிறார்கள்.

எதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது

கெட்டியாக, கல் மாதிரி இருப்பது. அசைத்தால் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. வலி இல்லாமல் வாரத்துக்கு வாரம் பெரிதாவது. ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டியது. மேல் தோல் சிவந்தோ புண்ணாகியோ இருப்பது. கூடவே ஒரு பக்கக் காதுவலி, குரல் மாற்றம், விழுங்கக் கஷ்டம், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத இளைப்பு. ஏற்கனவே முடிச்சுகளை எடுத்துவிட்ட பக்கத்தில் புதிதாக உருண்டை வந்தாலும் அப்படித்தான். அங்கே வீங்குவதற்கு முடிச்சுகள் அதிகம் மீதி இல்லை அல்லவா?

தொட்டால் வலித்து, மெத்தென்று நகர்ந்து, ஜலதோஷம் அல்லது பல்வலியோடு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிட்டால் அது பெரும்பாலும் கிருமி நெறி. ஆனால் இவையெல்லாம் யூகங்கள். வலிக்கும் கான்ஸர் கட்டியும் உண்டு. வலிக்காத காசநோய்க் கட்டியும் உண்டு. விரலை வைத்து முடிவு செய்ய முடியாது.

என் விஷயம்

எனக்கு 2021-ல் எடுத்த முடிச்சுகளில் இரண்டில் நோய் இருந்தது. அதற்காக ஆறு வாரத்தில் 30 முறை ரேடியேஷன். 2023 ஜனவரியில், ஆபரேஷன் ஆகாத வலது பக்கத்தில், கழுத்தின் நடுவே ஒரு உருண்டை. என் சம்சாரம்தான் முதலில் பார்த்தாள். "ஏன்னா, இந்தப் பக்கம் புடைச்சாப்ல இருக்கே" என்றாள். காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். நான்காம் நாள் டாக்டர் பார்த்தார். அல்ட்ராசவுண்டில் 16 மில்லிமீட்டர். பெட் ஸ்கேனில் அது பிரகாசமாக ஒளிர்ந்தது. அன்று ராத்திரி எங்கள் இருவருக்கும் தூக்கம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டான்.

இங்கே ஒரு ரசாயனப் பாடம். பெட் ஸ்கேனுக்குக் கொடுப்பது ஃப்ளோரின்-18 சேர்த்த ஒரு குளுகோஸ். சுமார் 110 நிமிஷத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகும். குளுகோஸை வேகமாகத் தின்னும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே வெளிச்சம் தெரியும். கான்ஸர் செல் வேகமாகத் தின்னும். காசநோய்க் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவும் அதே வேகத்தில் தின்னும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் டாக்டர் அதனால் ஸ்கேனோடு நிறுத்தவில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை செய்தார். கான்ஸர் செல் இல்லை. காசநோய் போலத் தெரிகிறது என்று வந்தது. அதே திரவத்தில் செய்த சி.பி.நாட் பரிசோதனை காசநோயை உறுதி செய்தது. காசநோய் என்று கேட்டு ஸ்வாமிக்குப் பாயசம் நைவேத்யம் பண்ணிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்! ஆறு மாதம் மருந்து, அரசாங்கத் திட்டத்தில் இலவசம். மாதம் 500 ரூபாய் போஷாக்கு உதவியும் பாங்க் கணக்கில் வந்தது.

மூன்றாவது மாதம் அந்த உருண்டை குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிதாயிற்று. மருந்து வேலை செய்யும்போதே இப்படி வீங்குவது காசநோயில் நடக்கக்கூடியது என்றார்கள். ஆனாலும் ஒரே கழுத்தில் இரண்டு வியாதியும் இருக்க முடியும் என்பதால் மறுபடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் கான்ஸர் இல்லை. ஆறாம் மாத முடிவில் வடிந்துவிட்டது.

இரண்டு நண்பர்கள்

எல்லோருக்கும் பாயசத்தில் முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். குரல்வளை கான்ஸருக்கு ரேடியேஷன் முடிந்து பத்து மாதத்தில் இடது கழுத்தில் கட்டி. ஒன்பதாம் நாள் காட்டினார். ஊசிப் பரிசோதனையில் நோய் திரும்பியிருப்பது தெரிந்தது. சின்னதாக இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோள்பட்டையைத் தூக்கக் கஷ்டப்படுகிறார், ஆனால் தினமும் காலையில் நடக்கப் போகிறார்.

இன்னொரு நண்பர், கன்னத்தில் கான்ஸர் வந்து சிகிச்சை முடித்தவர். கட்டியைப் பார்த்தபோது பெண்ணுக்கு மூன்று மாதத்தில் முஹூர்த்தம் வைத்திருந்தது. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும்" என்று யாரிடமும் சொல்லவில்லை, மாமியிடம்கூட. கழுத்தைச் சுற்றி அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டே மூன்று மாதமும் ஓடி ஓடி வேலை பார்த்தார். கன்யாதானமும் செய்து கொடுத்தார். சம்பந்தி உபசாரத்தில் ஒரு குறை இல்லை. அதற்கு அடுத்த வாரம் காட்டியபோது கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருந்தது. ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். எட்டு மாதத்தில் போய்விட்டார். முன்னாலேயே காட்டியிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன்; டாக்டர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழி திறந்திருந்திருக்கலாம். அவர் பெண் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "மாமா, முஹூர்த்தத்தைத் தள்ளி வெச்சுருக்க மாட்டோமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ம்ருத்யுஞ்ஜய ஹோமம் செய்யுங்கள், நவக்ரஹ சாந்தி செய்யுங்கள், குலதெய்வத்துக்கு முடிந்து வையுங்கள். எனக்கும் இவற்றில் நம்பிக்கை உண்டு. ஆனால் டாக்டரிடம் போகும் தேதி இவை எதற்காகவும் தள்ளிப்போகக் கூடாது.

ஊசி குத்தினால் பரவுமா?

"கத்தி பட்டாலும் ஊசி பட்டாலும் பரவிவிடும்" என்று நம்மவர்களிடம் ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது. எஃப்.என்.ஏ.சி. ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்குத்தான் இருக்கும், சில சமயம் அதைவிட மெல்லியது. அதனால் நோய் பரவுவது மிக மிக அபூர்வம். பரிசோதனை செய்யாமல் விட்ட கட்டியால் பரவுவதுதான் நாம் தினமும் கேள்விப்படுவது. ஆனால் ஒன்று. கழுத்துக் கட்டியைக் கண்டவுடன் வெட்டி எடுத்து அனுப்புவதை நிபுணர்கள் விரும்புவதில்லை. முதலில் வாய், தொண்டையை முழுமையாகப் பார்த்து, ஊசி போட்டு, அதிலும் தெரியாவிட்டால்தான் வெட்டிப் பார்ப்பது. ஊசியில் ஒன்றும் இல்லை என்று வந்தும் கட்டி நிற்கிறது, வளர்கிறது என்றால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை "இல்லை" என்று வந்ததால் பைலை மூடிவிடக் கூடாது.

என் நடைமுறை

1. மாதத்தில் ஒரே ஒரு நாள் கழுத்தைத் தடவிப் பாருங்கள். எனக்கு அமாவாசை. தர்ப்பணம் உள்ளவர்களுக்குத் தேதி மறக்காது. மற்ற 29 நாளும் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தினம் பத்துத் தடவை அழுத்தினால் அந்த இடமே கன்றி வலிக்கும். அந்த வலியே அடுத்த பயத்துக்குக் காரணமாகும்.

2. ஸ்நானம் ஆனபின் கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் அல்லாமல் விரலின் உள் சதையால், இரு பக்கமும் ஒப்பிட்டு, முகவாயிலிருந்து காது வரை, காதிலிருந்து காரை எலும்பு வரை மெதுவாகப் பாருங்கள். வாயைத் திறந்து நாக்கடி, கன்னம் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

3. ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, எந்தப் பக்கம், அளவு (துவரம்பருப்பா, பட்டாணியா, மொச்சையா, நெல்லிக்காயா), அசைகிறதா, வலிக்கிறதா. டாக்டருக்கு இதைவிட உபயோகமான காகிதம் கிடையாது.

4. புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சிகிச்சை ஆகாதவர்களுக்கே இரண்டு வாரம்தான் கெடு. நமக்கு அதற்குள் நேரில் காட்டியாக வேண்டும். மூச்சுத் திணறல், வாயிலோ கழுத்திலோ ரத்தம், ஜுரத்தோடு வேகமாக வீங்குவது, இவற்றுக்குக் கெடு கிடையாது. உடனே போக வேண்டும்.

5. முடிந்தவரை சிகிச்சை செய்த இடத்திலேயே காட்டுங்கள். அந்தக் கழுத்தின் பழைய வரைபடம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வெளியூரில் பிள்ளை வீட்டில் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ரேடியேஷன் அளவு எழுதிய தாள், கடைசி ஸ்கேன் சி.டி. இவை அடங்கிய பைலோடு காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

6. ஆன்ட்டிபயாடிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். ஆனால் "மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். ஒரு கோர்ஸ் முடிந்து அடுத்த கோர்ஸ், பிறகு இன்னொன்று என்று மாதங்களை விடக் கூடாது.

7. சுடு ஒத்தடம், பற்று, எண்ணெய் விட்டு நீவுதல் இவை கட்டியின் மேல் வேண்டாம்.

8. கழுத்தில் ரேடியேஷன் ஆனவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது சகஜம். ஆறு மாதம் முதல் வருஷத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். சோர்வும் மலச்சிக்கலும் மனத்தளர்ச்சியும் அதனாலும் வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மாமிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் கழுத்தைக் காட்டி "பயமா இருக்கு" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, நல்லதையே நினையுங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் கேட்டவருக்கு அதற்கு மேல் பேச வாய் வராது. "என்னிக்குப் பார்த்தேள்? நோட்டுல எழுதுவோம். நாளைக்குப் போன் பண்ணறேன், நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். என் சம்சாரம் அப்படித்தான் செய்தாள். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்களை நோயாளிக்கு அனுப்பாதீர்கள். ரிப்போர்ட் வருவதற்கு முந்தைய ராத்திரிதான் எல்லாவற்றிலும் நீளமானது. அன்று யாராவது பக்கத்தில் இருந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

பயம் அளவுக்கு மீறிச் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம். பெரிய கான்ஸர் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே மனநல நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நம் சங்கத்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தனியாக இருக்கும் மூத்த அங்கத்தினர்கள் பலருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இல்லை. பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் இரண்டு பேர் "நான் கூட வருகிறேன்" என்று பெயர் கொடுத்தால் போதும். இந்த ஊரில் என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். இன்னொரு பெயர் வேண்டும்.